மாசியில் எரியும் வைக்கோல்: வன்னிக் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் முகாமையாளர்களுக்கும் நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும்,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்தப் பக்கத்துச் சங்கத்தின் பொதுக்கூட்டமாக இருந்தாலும் பண்ணையாளர் எழும்பிக் கேட்கிற முதற் கேள்வி ஒன்றுதான்: பால் விலையை எப்போது கூட்டுவீர்கள்? கேட்பதில் நியாயம் இருக்கிறது. புண்ணாக்கு ஏறிவிட்டது, தவிடு ஏறிவிட்டது, மருந்தும் ஏறிவிட்டது. ஆனால் விலை முழுக்க உங்கள் கையில் இல்லை. பாலை எடுக்கும் கம்பனியும் இறக்குமதிப் பால்மாவின் விலையும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கையில் முழுக்க இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். அது வைக்கோல்.

வைக்கோலுக்கும் பால் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு உடனே கண்ணுக்குத் தெரியாது. அதனால் கணக்கிலிருந்து தொடங்குகிறோம்.

நாளுக்குச் சராசரி 6 லீற்றர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்று கன்று போட்டபின் 270 நாள் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,620 லீற்றர். அந்தப் பசு 400 நாளுக்கு ஒரு கன்று போட்டால், கறந்த நாளையும் வற்றிய நாளையும் சேர்த்துப் பங்கிடும்போது நாளுக்கு 4.05 லீற்றர் வருகிறது. அதே பசு 540 நாளுக்கு ஒரு கன்று போட்டால் நாளுக்கு 3 லீற்றர்தான். கொட்டில் அதேதான். சாணி அள்ளும் கையும் அதேதான். இந்த 140 நாளால் வரும் குறைவை விலையால் ஈடுகட்ட வேண்டுமென்றால் லீற்றர் விலையை 35 வீதம் உயர்த்த வேண்டும். எந்தக் கம்பனி தரும்? கன்று தள்ளிப்போனால் பசு கூடுதலாகச் சில வாரம் கறக்கும் என்று சிலர் சொல்வார்கள். கறக்கும்தான். ஆனால் அது ஒன்றரை லீற்றர், ஒரு லீற்றர் என்று தேய்ந்துகொண்டு போகும் பால். தின்னும் தீனுக்குக் கட்டாது.

சரி, கன்று ஏன் தள்ளிப்போகிறது? சினைப்படுத்தும் ஊசி போட வருபவர் பிந்தி வந்தார், விந்து சரியில்லை, மாட்டில் பிழை என்று மூன்று காரணம் வழக்கமாகச் சொல்லப்படும். மூன்றும் சில இடங்களில் உண்மை. ஆனால் வன்னியில் பெரும்பாலான பசுக்களுக்கு முதற் காரணம் பசி. பங்குனி, சித்திரையில் அடிக்கட்டை வயலில் மேய்ந்து உடம்போடு இருக்கும் மாடு, சோளகம் வீசி நிலம் காய்ந்தபின் ஆனியிலிருந்து புரட்டாதிவரை உடம்பை இழந்துகொண்டே போகிறது. ஆவணியில் விலா எலும்பை எட்டநின்று எண்ணலாம். அந்த நிலையில் கன்று போடும் பசு தன் உடம்பை உருக்கித்தான் பாலைத் தரும். உடம்பு திரும்பும்வரை வேட்கைக்கு வராது; வந்தாலும் சத்தமில்லாமல் வந்துபோகும். மழை பிடித்து, புல் முளைத்து, அது உடம்பாக மாறும்போது தை, மாசி ஆகிவிடும். வேட்கைச் சுற்று 21 நாள். 140 நாள் என்பது ஏழு சுற்றுக்குக் கிட்ட. ஊசிக்காரரை எவ்வளவு திட்டினாலும் இந்த ஏழு சுற்றும் திரும்பாது.

அந்த நாலு மாதத்தைக் கடக்கத் தேவையான தீன் ஒவ்வொரு வருடமும் எங்கள் கண் முன்னேயே கிடக்கிறது. காலபோக அறுவடை முடிந்ததும் நெருப்பு வைக்கிறார்கள்.

எங்கே எரிகிறது என்பதைக் கவனியுங்கள். மானாவாரி வயல்களில் பெரிதாக எரிப்பதில்லை. அங்கே சிறுபோகம் இல்லை, மாடு இறங்கி மேயும். எரிவது இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ், சிறுபோகத்துக்குத் தண்ணீர்ப் பங்கு கிடைக்கும் வயல்களில். சித்திரைக்குள் உழுது முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், அறுவடை இயந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் கலப்பையில் சிக்கும் என்று கொளுத்துகிறார்கள். வயற்காரரைக் குறைசொல்லப் பயனில்லை. அவருக்கு அது இடைஞ்சல். இரண்டு வாரத்துக்குள் அதை அள்ளிக்கொண்டு போக ஒருவர் வந்தால் அவர் ஏன் எரிக்கப்போகிறார்?

அந்த ஒருவராகச் சங்கம் இருக்க வேண்டும். தனிப் பண்ணையாளரால் ஏன் முடியாது என்றால், உதிரி வைக்கோலை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினால் பெட்டி நிரம்பும், நிறை ஏறாது. மூன்று பசுவுக்கு வேண்டியதைக் கொண்டுவரவே பல தரம் ஓட வேண்டும். டீசல் காசு வைக்கோல் விலையைத் தாண்டிவிடும். கட்டுக் கட்டும் இயந்திரம் வயலில் இறங்கினால்தான் கணக்குச் சரிவரும். அது ஒருவருக்காக வராது. நாற்பது, ஐம்பது ஏக்கர் ஒரே வெளியில் கிடைத்தால்தான் வரும். அந்த நாற்பது ஏக்கரை ஒன்றுசேர்க்கும் வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

அளவைச் சொல்கிறோம். 300 கிலோ நிறையுள்ள ஒரு பசுவுக்கு வறட்சிக் காலத்தில் நாளுக்கு 5 கிலோ வைக்கோல் போதும்; மிகுதியைப் பச்சைத்தீனும் அடர்தீனும் நிரப்பும். ஆனி முதல் புரட்டாதிவரை 120 நாள் என்றால் 600 கிலோ. கட்டொன்று 15 கிலோ நிறுத்தால் பசு ஒன்றுக்கு 40 கட்டு. மழைத்தூறல், எலி, கறையான் என்று கழிவு போகும். 45 கட்டாகக் கேளுங்கள். இயந்திரம் வெட்டும் உயரத்துக்கு மேல் உள்ள வைக்கோல்தான் கைக்கு வரும். அப்படிப் பார்த்தாலும் ஒரு ஏக்கர் ஒரு பசுவின் நாலு மாதத் தேவையைத் தாராளமாகத் தாங்கும். அங்கத்தவரிடம் 200 கறவை மாடு இருக்கிறது என்றால் 200 ஏக்கரைப் பேசி வையுங்கள். இரணைமடுவின் கீழ் அது ஒரு சின்னத் துண்டு.

கட்டும் நாள் முக்கியம். அறுத்த அன்றே கட்டினால் உள்ளே ஈரம் நிற்கும். பத்து நாளில் கட்டு சூடாகும், பூஞ்சணம் பிடிக்கும், போராக அடுக்கியிருந்தால் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு நல்ல வெயில் காயவிடுங்கள். காலையில் பனி ஈரம் போய், ஒன்பது ஒன்பதரைக்குப் பிறகு தொடங்குங்கள். ஒரு பிடியை எடுத்துக் கயிறு போல முறுக்கிப் பார்க்க வேண்டும். வெடுக்கென்று முறிந்தால் கட்டலாம், வளைந்து முறுகினால் இன்னும் ஒரு நாள் விடலாம். மாசியில் இடைக்கிடை மழை விழும். நனைந்த வரிசையைப் புரட்டிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒன்றை மறவாமல் வயற்காரரிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது பூச்சிமருந்து அடித்தீர்கள்? கதிர் முற்றியபின் அடித்திருந்தால் அந்த வயலை விட்டுவிடுங்கள்.

வயலிலிருந்து வைக்கோலை எடுத்தால் மண் மெலிந்துவிடும் என்று கமக்காரர் அமைப்புகளில் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில்தான் நிற்கிறது. அதற்குப் பதில் எரு. ஒரு பெட்டி வைக்கோலுக்கு ஒரு பெட்டி மாட்டெரு என்று சங்கமே கொடுக்கல்வாங்கலை வைத்துக்கொள்ளலாம். கறவைக் கொட்டில்களில் எரு குவிந்து கிடக்கிறது. போகிற உழவு இயந்திரம் வெறுமையாகப் போகாமல் எருவோடு போகட்டும், வைக்கோலோடு வரட்டும். காசைவிட இந்தப் பேச்சுத்தான் வயற்காரரிடம் எடுபடும்.

சேமிப்பைச் சங்கம் தன் கட்டடத்தில் செய்ய வேண்டியதில்லை. பண்ணையாளரின் வளவிலேயே இறக்கிவிடுங்கள். நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பனங்குற்றியோ கல்லோ போட்டு, மேலே தடி பரப்பி அடுக்க வேண்டும். வெறும் நிலத்தில் வைத்தால் அடி வரிசையைக் கறையான் தின்றுவிடும். உச்சி கூராக இருக்க வேண்டும். தட்டையாக விட்டால் தண்ணீர் தேங்கி நடுவாலே இறங்கும். மேலுக்குக் கிடுகு போதும், தறப்பாள் இருந்தால் நல்லது. வீட்டிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். செலவைப் பங்குனியிலேயே பண்ணையாளரிடம் கேட்க வேண்டாம். அந்தக் காசு அவரிடம் இருக்காது. சங்கம் போட்டுவிட்டு, வைகாசியிலிருந்து பால் காசில் நாலைந்து தவணையாகக் கழிக்கலாம்.

இனி வைக்கோலை எப்படிக் கொடுப்பது. இங்கேதான் பலர் ஒருதரம் முயன்று கைவிட்டிருக்கிறார்கள். வெறும் வைக்கோலில் புரதம் 4 வீத அளவுதான். மாட்டின் வயிற்றில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேலை செய்ய ஏறத்தாழ 7 வீதம் வேண்டும். அது இல்லாவிட்டால் வைக்கோல் வயிற்றில் தங்கும், மாடு வயிறு நிறைந்தபடியே மெலியும். அதைப் பார்த்துத்தான் வைக்கோலில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். குறைவாக இருப்பது நைதரசன். அதைச் சேர்க்க இரண்டு வழி உண்டு.

முதலாவது யூரியா. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லீற்றர் தண்ணீரில் முழுக்கக் கரைக்க வேண்டும். தறப்பாளை விரித்து, 10 கிலோ வைக்கோலை ஒரு படையாகப் பரப்பி, பூவாளியால் 6 லீற்றர் கரைசலைச் சமமாகத் தெளித்து, மிதித்து இறுக்கி, அடுத்த படையைப் போட வேண்டும். பத்துப் படை முடிந்ததும் காற்றுப் புகாமல் தறப்பாளால் மூடி, விளிம்பு முழுவதும் மண்ணோ மணல்மூட்டையோ வைத்து 21 நாள் விடுங்கள். திறக்கும்போது மூக்கைத் துளைக்கும் அமோனியா மணமும் கடும் மஞ்சள் கபில நிறமும் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. வெள்ளைப் பூஞ்சணமும் அழுகல் மணமும் இருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. அந்தப் பகுதியை எருக்கும்பிக்குப் போட்டுவிடுங்கள். கொடுக்கும் அன்றைய அளவை எடுத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, முதல் நாள் காற்பங்கு கலந்து, ஒரு கிழமையில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

பிழை எங்கே நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பிழையில் மாடு செத்துப்போகும். அரைகுறையாகக் கரைந்த யூரியா மணி வைக்கோலில் ஒட்டிக்கொண்டு போகும். அல்லது கரைசல் மிஞ்சிய வாளியை நிழலில் வைத்துவிட்டுப் போக, தாகமெடுத்த மாடு வாயை வைக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் நடுக்கம், வாய்நீர், வயிறு உப்புதல் தெரியும். கால்நடை வைத்தியரைக் கூப்பிட்ட கையோடு வினாகிரியைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து பருக்குவதுதான் முதலுதவி. யூரியா முறையை அறிமுகப்படுத்தும் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருதரமாவது ஆளை அனுப்பிப் பக்கத்தில் நின்று செய்துகாட்ட வேண்டும். துண்டுப்பிரசுரம் இதற்குப் போதாது.

இரண்டாவது வழி கிளிரிசிடியா என்ற சீமைக்கிளுவை. இரண்டு மூன்று பசு வைத்திருப்பவருக்கு இதையே முதலில் சொல்வோம். இலையில் 20 வீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது, வேலியில் நிற்கும், யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது போல ஒரு நிலை மறுபடி வந்தால் யூரியாவை மட்டும் நம்பியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஐந்து அடித் தடிகளை ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால், முதல் வெட்டு அடுத்த வறட்சிக்குள் கிடைக்கும். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வெட்டலாம். மாடு முதலில் மணத்துக்கு முகத்தைத் திருப்பும். முதல் நாள் பின்னேரம் வெட்டி, இரவு வாடவிட்டு, காலையில் தவிடு தூவிக் கொடுத்தால் நாலைந்து நாளில் பழகிவிடும். நாளுக்கு 3, 4 கிலோ வாடிய இலை, 5 கிலோ வைக்கோல், 12 முதல் 15 கிலோ பச்சைப்புல். 300 கிலோ பசு மெலியாமல் நிற்க இது போதும்.

புல்லைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிஓ-3 என்ற தீன்புல்லைப் பலர் நட்டிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று: தண்ணீர் வசதியும் எருவும் உள்ள நிலத்தில் பசு ஒன்றுக்கு இரண்டு பரப்புப் போதும், ஆனால் 40, 45 நாளுக்கு ஒருதரம் வெட்ட வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வளரவிட்டு வெட்டுவது வைக்கோலுக்குத் தண்ணீர் இறைத்தது போலத்தான். தண்டு முற்றிவிடும், மாடு இலையைத் தின்று தண்டை ஒதுக்கும்.

அடர்தீனில்தான் கைக்காசு கண்மூடித்தனமாகப் போகிறது. எல்லாப் பசுவுக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ என்று கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 8 லீற்றர் கறப்பதற்கு அது காணாது. பச்சைப்புல் தாராளமாக உள்ள காலத்தில் 2 லீற்றர் கறப்பதற்கு அது வீண். வைக்கோலை அடியாகக் கொண்ட தீனில் உடம்பைத் தாங்க ஒரு கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லீற்றருக்கும் ஒரு கிலோ என்று வைத்தால் போதும். நல்ல பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும் மார்கழி, தையில் முதல் 4 லீற்றருக்கு அடர்தீனே வேண்டாம். வீட்டில் கலப்பதென்றால் 100 கிலோவுக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு 45, தவிடு 30, இடித்த சோளன் 22, கனியுப்புக் கலவை 2, கறியுப்பு 1. தவிட்டை ஒரு கைபிடி தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; உமி கலந்திருந்தால் மிதந்து காட்டிக்கொடுக்கும். ஆலையிலிருந்து வந்த தவிடு இரண்டு மூன்று கிழமையில் காறத் தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்குவது நட்டம். பூஞ்சணம் பிடித்த சோளனையும் புண்ணாக்கையும் மாட்டுக்குப் போடுவதால் வரும் நஞ்சு பாலுக்குள்ளும் இறங்கும்.

தண்ணீரைத் தீனாகவே எண்ணுங்கள். 8 லீற்றர் கறக்கும் பசு சோளகக் காலத்தில் நாளுக்கு 60, 70 லீற்றர் குடிக்கும். காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி என்று வைத்தால் பாலைத்தான் குறைக்கிறோம். பாதியாக வெட்டிய பரல் ஒன்று நிழலில் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். பூநகரிப் பக்கம் உவர்த் தண்ணீரைக் குடிக்கும் மாடு குறைவாகத்தான் குடிக்கும், குறைவாகத்தான் தின்னும். அங்கே மழைநீரைச் சேர்ப்பதற்குச் சங்கம் கடன் கொடுத்தால் அது பாலாகத் திரும்பிவரும்.

உடம்பு பிடித்த மாடு வேட்கைக்கு வரும். அதைக் காண வேண்டும். கலப்பின மாடுகளில், அதுவும் நாட்டு இரத்தம் கூடியவற்றில், வேட்கை குறுகியது. இரவில் வந்துபோவதும் உண்டு. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கால் மணித்தியாலம் சும்மா நின்று பார்க்கச் சொல்லுங்கள். மற்ற மாடு ஏற அசையாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். கண்ணாடி போன்ற நீர் தொங்குவது, தின்னாமல் கத்துவது, பால் திடீரென்று குறைவது எல்லாம் துணை அடையாளங்கள். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்குத் தவறினால் 21 நாள் போய்விடும்.

சங்கத்தால் இதில் செய்யக்கூடியது ஒரு கொப்பி. பால் கொண்டுவரும் ஒவ்வொருவரின் ஒவ்வொரு பசுவுக்கும் கன்று போட்ட திகதி, ஊசி போட்ட திகதி, இரண்டும் போதும். மாதத்தில் ஒருநாள் அதைப் புரட்டினால் மூன்று பெயர்ப்பட்டியல் வரும்: கன்று போட்டு 90 நாள் கடந்தும் ஊசி போடாதவை, ஊசி போட்டு 60 முதல் 90 நாள் ஆனதால் சினை பார்க்க வேண்டியவை, ஊசி போட்டு 220 நாள் ஆனதால் பால் வற்றவிட வேண்டியவை. முதற் பட்டியலில் உள்ள பசுக்களை ஒரே நாளில் கால்நடை வைத்தியர் பார்க்க ஒழுங்குசெய்யுங்கள். அவர் பத்து ஊருக்குப் பத்து நாள் அலைவதைவிட அது அவருக்கும் இலேசு. மூன்றாவது பட்டியலை யாரும் கவனிப்பதில்லை. சினைமாட்டைக் கன்று போடும்வரை கறந்தால் அந்தக் கடைசி 60 நாளில் கிடைக்கும் சொற்பப் பாலுக்காக அடுத்த கறவையில் பலமடங்கை இழக்கிறோம்.

பட்டி மாடுகளுக்கு ஊசி நடைமுறையில் சரிவராது. அங்கே நல்ல நாம்பன்தான் வழி. 25, 30 பசுவுக்கு ஒன்று. உலர்வலயத்துக்கு ஒத்துவரும் சாகிவால் இனக் கலப்பாக இருந்தால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே நாம்பன் ஒரே பட்டியில் நின்றால் தன் நாகுகளையே சினைப்படுத்தும், கன்று சிறுக்கும். பட்டிக்குப் பட்டி நாம்பனை மாற்றிக்கொள்ளும் ஒழுங்கைச் சங்கம் வைத்தால் ஒரு சதமும் செலவில்லை.

பால் சேகரிப்புக்கு வருவோம். காலையில் மட்டும் பால் எடுக்கும் சங்கமாக இருந்தால், அங்கத்தவரை ஒருநேரக் கறவைக்குள் நீங்களே கட்டிவைத்திருக்கிறீர்கள். இரண்டு நேரம் கறக்கும்போது, கன்று போட்ட முதல் மாதங்களில் நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தரும். மாலைப் பாலை வீட்டில் வைத்திருக்க முடியாது. மடிச்சூட்டோடு இருக்கும் பாலில் கிருமி அரை மணிக்குள் இரட்டிப்பாகும். மாலை ஐந்து மணிப் பால் காலை ஏழுக்கு மதுசாரச் சோதனையில் திரையும். கானைக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கிவைத்தால் போதும் என்று சொல்வார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரே 28 பாகை அளவில் நிற்கிறது; அது ஒன்றிரண்டு மணித்தியாலம் தாங்கும், விடியும்வரை தாங்காது. ஆகவே குளிரூட்டித் தொட்டி உள்ள நிலையத்துக்கு ஐந்து கிலோமீற்றருக்குள் இருக்கும் ஊர்களில் மட்டும் மாலைச் சேகரிப்பைத் தொடங்குங்கள். எல்லா ஊரையும் ஒரேயடியாக எடுத்தால் எரிபொருட் செலவு தின்றுவிடும். தொட்டியில் கலக்கும் துடுப்பு முங்காத அளவு பாலை விட்டு இயக்காதீர்கள். அடியில் பால் உறையும். ஒரு நேரம் கறந்து மிச்சத்தைக் கன்றுக்கு விடும் நாட்டு மாட்டுக்காரருக்கு இதில் பெரிய இலாபம் இல்லை. அவரை வற்புறுத்த வேண்டாம்.

சோதனையில் ஒரு மனக்கசப்பைத் தீர்க்க முடியும். பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்பப்படும் பாலில் ஒரு பகுதியில் தண்ணீரே இல்லை. பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியில் ஒரு வெப்பநிலை பொறித்திருக்கும். அதைவிடச் சூடான பாலில் அது குறைத்துக் காட்டும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அது காட்டும் அளவோடு ஏறத்தாழ 0.2 கூட்டிக்கொள்ள வேண்டும். கறந்த உடனே, காற்றுக் குமிழி நிறைந்த பாலில் வைத்தாலும் குறையும்; அரை மணி ஆறவிட வேண்டும். கானின் மேற்பாலில் மாதிரி எடுத்தால் கொழுப்புக் கூடும், கலக்காமல் அடியில் எடுத்தால் குறையும். கலக்கி எடுப்பதற்கு ஒரு தண்டு, ஒரு வெப்பமானி, இரண்டும் ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்திலும் இருக்கட்டும். கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் எவ்வளவு என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். மடியிலிருந்து முதலில் வரும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிப் பாலில் பலமடங்கு. கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுபவருக்குக் கொழுப்பு ஏன் குறைகிறது என்பது அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் விளங்கும். கன்றுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு காம்பை முழுதாக விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஒட்டக் கறப்பது இருவருக்கும் நல்லது. கறந்த உடனே வைக்கோலைப் போடுங்கள். மாடு அரை மணித்தியாலம் நின்று தின்னும். அதற்குள் காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும், சாணியில் படுத்து மடியழற்சி தொற்றாது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகளும் ஆடுகளும் வெளியில் நனைந்தபடி விறைத்துச் செத்தன. உடம்பில் கொழுப்பில்லாத மாடு, வயிற்றில் நார்த்தீன் இல்லாத மாடு, ஈரமும் வாடைக்காற்றும் சேர்ந்தால் சூட்டைக் காத்துக்கொள்ளாது. நார்த்தீன் வயிற்றில் செரிக்கும்போதுதான் மாட்டுக்கு உள்ளே சூடு பிறக்கிறது. ஒரு பட்டிக்கு ஐம்பது கட்டு வைக்கோல் மார்கழிவரை மிஞ்சியிருந்தால் அடைமழை நாட்களில் தின்னக் கொடுக்கவும் மேட்டில் பரப்பிப் படுக்க விடவும் உதவும். வாடைப் பக்கம் தறப்பாள் ஒன்றைக் கட்டினால் காற்று மறையும். வானிலை எச்சரிக்கை வந்த அன்று சங்கம் அங்கத்தவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியது இந்த இரண்டும்தான்.

மேய்ச்சற்றரைக்கான கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. அதைப் பிரதேச செயலகத்திலும் மாகாண மட்டத்திலும் தொடர்ந்து கேளுங்கள். நாங்களும் கேட்போம். ஆனால் அந்தக் காணி அளந்து கிடைக்கும்வரை வருகிற ஆவணியில் மாடு எதைத் தின்னும் என்பதற்குச் சங்கத்திடம் பதில் இருக்க வேண்டும்.

அறுவடை தைப்பொங்கலை ஒட்டித் தொடங்கிவிடும். அதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது. அங்கத்தவரிடம் உள்ள கறவை, சினை மாடுகளைக் கணக்கெடுத்து 45 ஆல் பெருக்கி மொத்தக் கட்டுத் தொகையை எழுதுங்கள். கமநல சேவைகள் நிலையத்தின் ஊடாகக் கமக்காரர் அமைப்புகளைக் கூப்பிட்டு, சிறுபோகப் பங்கு கிடைக்கக்கூடிய வெளிகளில் எந்த வெளி எந்தக் கிழமை அறுபடும் என்று கேட்டு, எருவுக்கு வைக்கோல் என்ற பேச்சை முடியுங்கள். கட்டுக் கட்டும் இயந்திரம் வைத்திருப்பவருக்கு முற்பணம் கொடுத்து நாளைப் பிடித்துவிடுங்கள். மாசி நடுவில் தேடினால் அது வேறு மாவட்டத்தில் நிற்கும். மார்கழிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் விடயமாகப் போடுங்கள். வயலில் நின்று வைக்கோலின் ஈரம் பார்க்கவும், முதல் யூரியாப் போரை அடுக்கிக் காட்டவும், கொப்பியைத் தொடங்கிவைக்கவும் கேட்கும் சங்கத்துக்கு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வன்னியின் கறவைப் பண்ணையாளரும் கால்நடைக் களப் பணியாளரும்